பாவு விரித்த தெருக்கள்

மதுரையின் பழைய நகரத்துக்குள் சொல்லிக்கொள்ளும்படியான பூங்கா கிடையாது. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் மீனாட்சி கோவிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக விரிந்துகொண்டே போகின்றன. அவற்றின் நடுவே மரநிழலில் சும்மா உட்கார்ந்திருக்க ஓர் இடம் வேண்டும் என்று யாரும் திட்டமிட்டதாகத் தெரியவில்லை. வாய்ப்பு ஒருமுறை வரத்தான் செய்தது. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரிக்க நினைத்தபோது, சுவரை உடைத்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கே அந்த நிலம் என்று சொல்லிவிட்டார். மக்கள் கடப்பாரையோடு வந்தார்கள். வெளி வீதிகள் வந்தன. வேலையில் பங்குகொண்டவர்களின் பெயரில் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் வந்தன. பிளாக்பர்னின் நினைவாக ஒரு விளக்குத்தூணும் நின்றது. ஊரைச் சுற்றித் தோட்டமாக மாறியிருக்கக்கூடிய நிலம் முழுவதும் கடைகளாகவும் வீடுகளாகவும் ஆயிற்று. சுவரை இடிக்கச் செலவில்லாத வழி அது. அதன் விலையை ஊர் இன்றுவரை கொடுத்துக்கொண்டிருக்கிறது.

பூங்கா இல்லாத ஊரில் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள் எங்கே கூடுவார்கள்? சொந்த ஊர்க்காரருக்கு இந்தக் கேள்வி எழாது. அவருக்குக் கோவில் இருக்கிறது, டீக்கடை இருக்கிறது, மாமன் மச்சான் வீட்டுத் திண்ணை இருக்கிறது. வந்தேறியவருக்கு முதலில் வேண்டியது தன் மொழியைச் சத்தமாகப் பேசிக்கொள்ள ஓர் இடம். வீட்டுக்குள் பேசும் மொழி மூன்று தலைமுறையில் தேய்ந்துவிடும். நாலு பேர் கேட்கப் பேசும் மொழிதான் தங்கும். மதுரையில் இதற்குக் கிடைக்கும் மிகப் பழைய, மிகப் பெரிய எடுத்துக்காட்டு சௌராஷ்டிரர்கள்.

விளக்குத்தூணிலிருந்து தென்கிழக்கே திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றி நடந்தால் அந்தத் தெருக்கள் வரும். மகால் வடம்போக்கித் தெரு, பத்துத்தூண் சந்து, பந்தடித் தெருக்கள், அவற்றைத் தாண்டினால் முனிச்சாலை, காமராசர் சாலை, பாலரெங்காபுரம். பட்டுநூல்காரர்கள் என்று பழைய ஆவணங்கள் குறிப்பிடும் இந்த மக்கள், இந்தோ ஆரிய மொழி ஒன்றைப் பேசிக்கொண்டு, நடுவழியில் தெலுங்கையும் கன்னடத்தையும் மராட்டியையும் ஏற்றிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தவர்கள். குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியிலிருந்து தேவகிரிக்கும், தேவகிரி வீழ்ந்த பிறகு விஜயநகருக்கும், அங்கிருந்து நாயக்கர்களின் மதுரைக்கும் என்பது அவர்களே சொல்லும் பாதை. இந்தப் பாதையை அவர்கள் புத்தகத்தில் எழுதி வைக்கும் முன்பே கல்யாண வீட்டில் வைத்திருந்தார்கள். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் எதிரெதிரே உட்கார்ந்து, எங்கிருந்து வந்தோம், எந்தெந்த ஊரில் தங்கினோம் என்று கேள்வியும் பதிலுமாகச் சொல்லும் பௌலா என்ற சடங்கை எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி 1909-ல் வெளிவந்த தன் தொகுதிகளில் பதிவுசெய்திருக்கிறார். புலம்பெயர்வை வருத்தமாகப் பாடும் சமூகங்கள் உண்டு. அதைச் சம்பந்தி வீட்டுப் பேச்சாக்கிக்கொண்ட சமூகம் அபூர்வம்.

இதைவிடப் பழைய சான்று ஒன்றையும் அவர்களோடு சேர்த்துப் பேசுவது வழக்கம். மத்தியப் பிரதேசத்தின் மந்தசோரில் கிடைத்த கல்வெட்டு அது. தென்குஜராத்தின் லாட நாட்டிலிருந்து பட்டு நெசவாளர் குழு ஒன்று பிள்ளைகள் உறவினரோடு தசபுரம் என்னும் அந்த ஊருக்குக் குடிபெயர்ந்து, ஐந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சூரியனுக்கு ஒரு கோவில் கட்டி, 473-ஐ ஒட்டி அதைப் பழுதுபார்த்த செய்தியை வத்சபட்டி என்ற கவிஞர் சமஸ்கிருதத்தில் எழுதியிருக்கிறார். மதுரைச் சௌராஷ்டிரர்கள் அந்தக் குழுவின் வழிவந்தவர்கள்தான் என்று அடித்துச் சொல்ல ஆதாரம் போதாது. ஆனால் கல்வெட்டு சொல்லும் விஷயங்கள் எந்தக் குடியேறிகளுக்கும் பொருந்தும். வந்தவர்களில் சிலர் தறியை விட்டு வில்வித்தைக்கும் சோதிடத்துக்கும் கதை சொல்வதற்கும் போய்விட்டார்கள். அதைச் சொல்வதற்கு முன்பே, அவர்கள் ஏன் அந்த ஊருக்கு வந்தார்கள் என்பதைச் சொல்லும்போது கவிஞர் ஊரின் குளங்களையும், பூப்பாரத்தால் வளைந்த மரங்களையும், நகரத்துப் பெண்கள் ஓயாமல் உலவும் சோலைகளையும் வர்ணித்துக்கொண்டே போகிறார். காவிய மரபில் ஊர் வர்ணனை கட்டாயம் என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனாலும் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் காசு கொடுத்துக் கல்லில் எழுதச் சொன்ன குடியேறிகள், தாங்கள் தேர்ந்துகொண்ட ஊரைப் பற்றி முதலில் நினைவுகூர விரும்பியது அதன் குளக்கரையையும் சோலையையும் என்பது கவனிக்கத் தக்கது.

மதுரையில் அவர்களுக்குச் சோலை கிடைக்கவில்லை. அரண்மனை கிடைத்தது, அதுவும் இடிந்த பிறகு.

1636-ல் திருமலை நாயக்கர் கட்டிய மகால் இன்று நிற்பதைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு பெரியது. அவருடைய பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது அதன் பகுதிகளைப் பெயர்த்து எடுத்துச் சென்றார். மீதி மெல்ல மெல்லச் சரிந்தது. 1866-க்கும் 1872-க்கும் இடையில் சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபு பழுதுபார்த்ததால் சொர்க்கவிலாசமும் நாடகசாலையும் தப்பின. 1970 வரை அங்கே நீதிமன்றம் நடந்தது. அரண்மனையின் எஞ்சிய நிலத்தில் நெசவாளர் வீடுகள் எழுந்தன. ஒரு சந்துக்குள் பத்துக் கல்தூண்கள் மட்டும் தனியே நிற்கின்றன. அவற்றின் அடியில் ஸ்கூட்டர் நிறுத்துகிறார்கள். நாயக்கர் காலத்தில் பந்தாடிய களம் என்று சொல்லப்படும் பகுதி இன்று வரிசையாகத் தெருக்கள். ராஜா விளையாடிய வெளியில் நெசவாளிகள் குடியிருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயத்தோடு வெளியும் போய்விட்டது.

பிறகு தெருவே வெளியாயிற்று. இதில் அழகுணர்ச்சிக்கு வேலை இல்லை, தொழிலின் தேவைதான் காரணம். தறி வீட்டுக்குள் குழியில் இருக்கும். ஊடைக்குத் தார் சுற்றுவது திண்ணையில் நடக்கும். பாவு என்னும் நீள இழைத் தொகுதி மட்டும் வீட்டுக்குள் அடங்காது. ஒரு பாவை நீட்டி விரிக்க, இழை இழையாகப் பிரித்து அறுந்ததை முடிய, கஞ்சி போட்டுத் தோய்த்துக் காயவிட, தெருவின் நீளம் வேண்டும். வெயில் ஏறினால் நூல் முறுகிவிடும், காற்று வந்தால் சிக்கும், மழை வந்தால் எல்லாம் போயிற்று. அதனால் விடிவதற்கு முன்பே தெருவில் கால்கள் நட்டுப் பாவை இழுத்துக் கட்டிவிடுவார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றால்தான் வேலை நடக்கும். இன்று என் பாவுக்கு நீ வா, நாளைக்கு உன் பாவுக்கு நான் வருகிறேன் என்ற கணக்கில் தெருவே ஒருவருக்கொருவர் கடன்பட்டிருந்தது. வண்டி வந்தால் காத்திருக்கும். அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பேசப்பட்டது சௌராஷ்டிரம். பெண் பார்ப்பது, கூலித் தகராறு, நூல் விலை, யார் வீட்டுப் பையன் படிக்கப்போகிறான் என்பதெல்லாம் பாவின் இரு பக்கமும் நின்றே முடிவாயின.

சேலம் பக்கத்தில் நெசவாளர்களுக்கென்று தனி வெளியே உண்டு. பாவடி என்று அதற்குப் பெயர். காலையில் பாவு விரிக்கும் அந்தப் பொட்டல், மாலையில் பஞ்சாயத்துக்கும் கூத்துக்கும் பயன்படும். பல இடங்களில் பாவு போய்ப் பல ஆண்டுகளான பிறகும் இடம் பாவடியாகவே இருக்கிறது. தமிழ்நாட்டு நகரத்தில் ஒரு தொழிலாளர் கூட்டம் தானே வைத்துக் காப்பாற்றிய பூங்கா என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் பாவடியைத்தான் சொல்ல வேண்டும். மகால் தெருக்களின் நெருக்கத்தில் அதற்கும் இடமில்லாமல் தெருவே அந்த வேலையைச் செய்தது.

பெண்களுக்கு வேறு இடம், வேறு நேரம். சுங்குடிப் புடவைக்கு முடிச்சுப் போடும் வேலை வாசற்படியிலும் திண்ணையிலும் நடந்தது. துணியை நகத்தால் கிள்ளி எடுத்து, நூலால் இறுக்கிச் சுற்றி, அடுத்த புள்ளிக்குப் போக வேண்டும். ஒரு புடவையில் ஆயிரக்கணக்கில் முடிச்சுகள் விழும். சாயத்தில் முக்கி, உலர்த்தி, முடிச்சை அவிழ்த்தால் வெள்ளைப் புள்ளி நிற்கும். கைக்கு ஓயாத வேலை, வாய்க்கு முழு விடுதலை. மத்தியானம் சமையல் ஒதுங்கிய பிறகு எதிரெதிர் வாசல்களில் உட்கார்ந்து பெண்கள் முடிச்சுப் போட்ட நேரம்தான் அந்தத் தெருக்களின் உண்மையான சபை. மதுரை சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைத்த காலத்திலேயே முடிச்சு குறைந்து, மெழுகு அச்சில் புள்ளி வைக்கும் முறை பரவியிருந்தது. குறியீடு புடவைக்குப் பாதுகாப்பு தருகிறது. திண்ணைக்கு யாரும் குறியீடு தருவதில்லை.

தெருவில் கூடுவது எப்போதும் சுமுகமாக நடந்ததில்லை. 1705-ஐ ஒட்டி நடந்த ஒரு சம்பவத்தை தர்ஸ்டன் சொல்கிறார். ஆவணி அவிட்டம் செய்ததற்காகச் சௌராஷ்டிரர் 18 பேரை மதுரையின் அதிகாரி பிடித்து வைத்தார். இவர்களுக்கு அந்த உரிமை உண்டா என்ற வழக்கு ராணி மங்கம்மாள் வரை போனது. சாஸ்திரம் தெரிந்தவர்களைக் கூட்டி விசாரித்து, உண்டு என்று அவர் ஓலை கொடுத்தார். வருணக் கணக்கை இன்று வாசிக்கும்போது சலிப்பு வரலாம். நியாயமான சலிப்பு. பிராமணர் என்று ஒப்புக்கொள்ளவைத்து ஊரில் இடம் பிடிப்பது, அந்தப் பட்டியலில் கீழே நிற்பவர்களுக்கு எதையும் மாற்றாது. ஆனால் வழக்கின் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஆவணி அவிட்டம் பலர் சேர்ந்து நீர்க்கரையில் செய்யும் சடங்கு. வீட்டுக்குள் யார் பூணூல் மாற்றினாலும் ராஜ்ஜியத்துக்குக் கவலை இருந்திருக்காது. வெளியூர்க்காரர்கள் கூட்டமாக, ஊர் பார்க்கப் பொது இடத்தில் நின்றதுதான் உறுத்தியிருக்க வேண்டும். அந்த ஓலை சாதிக்குக் கிடைத்த சான்றாகத்தான் பேசப்படுகிறது. கரையில் நிற்பதற்குக் கிடைத்த அனுமதியாகவும் அதை வாசிக்கலாம்.

அதற்குப் பிந்தைய இருநூறு ஆண்டுகளில் அவர்கள் அமைப்புகளைக் கட்டிக்கொண்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பள்ளியும் 1895-ல் மதுரை சௌராஷ்டிர சபையும் வந்தன. தெற்கு மாசி வீதியில் பிரசன்ன வெங்கடேசப் பெருமாள் கோவில் இருந்தது. சமூகத்தின் தலைவராக விளங்கிய எல். கே. துளசிராம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச மதிய உணவு போட்டார். நீதிக்கட்சி காலத்தில் சென்னை மாநகராட்சி அதைச் செய்வதற்கு முன்பே மதுரையில் நெசவாளர் பிள்ளைகள் பள்ளியில் சாப்பிட்டார்கள் என்பதை மதிய உணவு வரலாறு பேசுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். மார்கழிக் காலையில் பஜனைக் கோஷ்டி தெருத்தெருவாகப் போகும். மதுரையில் 1843-ல் பிறந்து 1914-ல் மறைந்த நடனகோபால நாயகி சுவாமிகள் சௌராஷ்டிரத்திலும் தமிழிலும் பாடிய கீர்த்தனைகளை இன்றும் பாடுகிறார்கள். அப்படிப்பட்ட தெருக்களில் வளர்ந்த ஒரு குரலைத் தமிழ்நாடு முழுவதும் கேட்டது. டி. எம். சௌந்தரராஜனுக்கு 2023-ல் முனிச்சாலையில் சிலை வைத்தார்கள்.

காமராசர் சாலையில் காந்தி பொட்டல் என்று ஓர் இடம் இருக்கிறது. 1921 செப்டம்பர் 22-ல் மேல மாசி வீதியில் ராம்ஜி கல்யாண்ஜி என்ற குஜராத்தி வணிகரின் வீட்டில் தங்கியிருந்தபோதுதான் காந்தி இடுப்புத் துணிக்கு மாறினார். மாறிய உடையில் அவர் முதலில் பொதுமக்கள் முன் வந்து நின்ற இடம் இந்தப் பொட்டல். வேட்டி சேலை நெய்து வயிறு வளர்க்கும் தெருக்களின் ஓரத்தில் ஒருவர் துணியைக் குறைத்துக்கொண்டு வந்து நின்றிருக்கிறார். கூட்டத்தில் இருந்த நெசவாளிகள் தங்களுக்குள் என்ன சொல்லிக்கொண்டார்களோ. குஜராத்திலிருந்து நூற்றாண்டுகளுக்கு முன் வந்தவர்களும், வியாபாரத்துக்கு அண்மையில் வந்தவரும், ரயிலில் வந்து இறங்கியவரும் ஒரே நாளில் ஒரே ஊரில் இருந்தார்கள். ஒருவர் மொழி மற்றவருக்கு முழுதாகப் புரிந்திருக்காது. பின்னால் மதுரை காந்தி என்றே பெயர் வாங்கிய என். எம். ஆர். சுப்பராமன் இந்தச் சமூகத்தில் பிறந்தவர். 1939 ஜூலை 8-ல் மீனாட்சி கோவிலுக்குள் தலித்துகளும் நாடார்களும் நுழைந்த போராட்டத்தில் வைத்தியநாத ஐயருக்குத் துணை நின்றவர். 1705-ல் தங்கள் உரிமைக்கு ஓலை வாங்கிய சமூகத்திலிருந்து ஒருவர் அடுத்தவர் உரிமைக்காக நின்றது, அந்த ஓலையைவிடப் பெரிய ஆவணம். பொட்டலில் இன்று சிலை இருக்கிறது. பொட்டல் என்று சொல்லுமளவுக்கு நிலம் மிச்சமில்லை.

இந்த மக்களின் உள்வாழ்க்கையைத் தமிழில் எழுதியவர் மதுரைக்காரர் அல்லர். கும்பகோணத்தில் பட்டு ஜரிகை வியாபாரம் செய்துகொண்டே மணிக்கொடி இதழில் எழுதத் தொடங்கிய எம். வி. வெங்கட்ராம்தான் 'வேள்வித் தீ' நாவலில் சௌராஷ்டிர நெசவாளர் வீட்டைத் தறியோடும் கடனோடும் காட்டினார். 1993-ல் 'காதுகள்' நாவலுக்காக சாகித்திய அகாதெமி விருது பெற்றபோதும் அவர் தமிழ் எழுத்தாளராகத்தான் அறியப்பட்டார். அது சரிதான். ஆனால் வீட்டில் ஒரு மொழி, எழுத்தில் ஒரு மொழி என்ற அந்த ஏற்பாடு சமூகம் முழுவதற்கும் உரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொ. மு. ராமராய் எழுத்துருவைச் சீர்செய்து பாடப் புத்தகங்கள் அச்சிட்டார். அந்த எழுத்து 2008-ல் யூனிகோடிலும் இடம்பெற்றுவிட்டது. கணினிக்குத் தெரிந்த அந்த எழுத்து அதைப் பேசும் பெரும்பாலோருக்குத் தெரியாது. 2011 கணக்கெடுப்பில் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர். கணக்கெடுப்பு அவர்களைக் குஜராத்திக்குக் கீழே வைத்திருக்கிறது. 2023 ஏப்ரலில் குஜராத்தின் சோமநாதத்தில் சௌராஷ்டிரா தமிழ்ச் சங்கமம் நடந்தபோது மதுரையிலிருந்து சிறப்பு ரயில்கள் போயின. போனவர்கள் கடலையும் கோவிலையும் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். பத்து நாள் விழா ஒரு மொழியை எதுவும் செய்துவிடாது. அந்த மொழியை வைத்திருந்தது பாவு விரித்த தெரு.

அந்தத் தெரு இப்போது இல்லை. விசைத்தறி வந்தது. ஈரோட்டிலும் சூரத்திலும் நெய்த துணி விளக்குத்தூண் கடைகளுக்கு வந்தது. பிள்ளைகள் வங்கிக்கும் கணினிக்கும் போனார்கள். கைத்தறியை விடாதவர்களில் பலர் நிலையூர் கைத்தறி நகர் மாதிரி ஊருக்கு வெளியே உருவான குடியிருப்புகளுக்குப் போனார்கள். பழைய தெருக்களில் திண்ணையை இடித்துக் கடை எடுத்தார்கள், அல்லது இரும்புக் கதவு போட்டு மாடி கட்டினார்கள். திண்ணையும் பாவும் போன பிறகு மக்கள் எங்கே கூடுகிறார்கள் என்று பார்த்தால், ஒரு பதில் கிழக்கே கிடைக்கிறது.

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளத்தைத்தான் திருமலை நாயக்கர் குளமாக்கினார் என்பது ஊர் வழக்கு. தோண்டியபோது கிடைத்த பிள்ளையார்தான் மீனாட்சி கோவிலின் முக்குறுணி விநாயகர் என்பதும் அதோடு சேர்ந்த கதை. ஏறக்குறைய 1000 அடிக்கு 950 அடி. நடுவே மைய மண்டபம். தைப்பூசத்தன்று தெப்பத்தில் மீனாட்சியும் சொக்கரும் வலம் வருவார்கள். பல ஆண்டுகள் குளம் வறண்டு கிடந்தது. உள்ளே இறங்கிப் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள், திருவிழாவுக்கு மட்டும் தண்ணீர் விட்டார்கள். வைகையிலிருந்து வரும் பனையூர் கால்வாயைச் சீராக்கிய பிறகு அண்மை ஆண்டுகளில் நீர் நிற்கிறது. நீர் நின்றவுடன் ஊரும் வந்து நின்றது.

நாலு பக்கக் கல் சுவரும் மாலை ஐந்து மணிக்கு மேல் நிரம்பிவிடும். இது சௌராஷ்டிரர்களின் இடம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. அனுப்பானடிக்காரர்கள் வருகிறார்கள், ஐராவதநல்லூர்க்காரர்கள் வருகிறார்கள், தியாகராசர் கல்லூரிப் பிள்ளைகள் வருகிறார்கள். ஆனால் முனிச்சாலையும் பாலரெங்காபுரமும் காமராசர் சாலையும் கிழக்கே வந்து முடிகிற இடம் இதுதான். ஓய்வுபெற்ற பெரியவர்கள் சுவரில் வரிசையாக உட்கார்ந்து அந்த மொழியில் பேசுவதைக் காது கொடுத்தால் கேட்கலாம். வண்டிக் கடைகளில் பருத்திப்பால், சீயம், கல்யாணமுருங்கை இலையை அரைத்துப் போட்ட பூரி. மிளகுப்பொடி தூவிக் கொடுக்கும் அந்தப் பச்சைப் பூரி சௌராஷ்டிர வீட்டுப் பலகாரம். சளிக்கு நல்லது என்று சொல்லிக் கொடுப்பார்கள். இன்று அதை எல்லாரும் வாங்கித் தின்கிறார்கள், எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேட்பதில்லை. ஒரு குடியேற்றம் முடிந்துவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் வேண்டியதில்லை.

அது முடிய நானூறு ஆண்டுகள் பிடித்தன. இப்போது வருகிறவர்களுக்கு அத்தனை அவகாசம் இல்லை.

மதுரை மாவட்டத்தில் ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் ஆகிய இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 1983-க்குப் பிறகு படகில் வந்தவர்களும், இங்கேயே பிறந்து நடுவயதைத் தொட்டுவிட்ட அவர்களுடைய பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். பேசும் மொழி தமிழ்தான், ஆனாலும் கூடும் உரிமை சுருங்கியது. 1991-க்குப் பிறகு மாலைக்குள் முகாமுக்குத் திரும்ப வேண்டும் என்ற கட்டுப்பாடும், அதிகாரி வந்து தலை எண்ணும் வழக்கமும் இறுகின. 2021-ல் அரசு முகாம்களின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றி, வீடு கட்டிக் கொடுக்கும் திட்டத்தையும் அறிவித்தது. வரவேற்க வேண்டிய காரியம். ஆனால் அவர்கள் ஊரோடு கலந்து உட்காரும் இடம் முகாமுக்குள் இருக்க முடியாது. முகாமின் வேப்பமரத்தடியில் கூடுகிறவர்கள் ஏற்கெனவே ஒருவரையொருவர் அறிந்தவர்கள்தான்.

அவர்களுக்குப் பின்னால் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள். கட்டடம் கட்டுகிறார்கள், ஓட்டலில் மாவு பிசைகிறார்கள், பரோட்டா மதுரையின் அடுப்பில் இன்று இந்தி கேட்கிறது. வேலை செய்யும் இடத்திலேயே தகரக் கொட்டகையில் தூங்குகிறவர்களுக்கு வாரத்தில் அரை நாள் விடுமுறை. அந்த அரை நாளில் பஸ் ஸ்டாண்டின் ஓரத்திலும் செல்போன் கடை வாசலிலும் நிற்கிறார்கள். நிற்பவர்களைப் பார்த்து ஊர் முணுமுணுக்கிறது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவியபோது ஆயிரக்கணக்கானோர் அஞ்சினார்கள். அவர்களுக்கு இந்த ஊரில் தெரிந்த முகம் என்று மேஸ்திரியைத் தவிர யாரும் இல்லாததால்தான் பொய்யை நம்ப வேண்டியிருந்தது.

தமிழர்களுக்கு இது புதிய அனுபவம் இல்லை. புதுக்கோட்டையிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் சிங்கப்பூருக்குப் போன கூலித் தொழிலாளர்கள் ஞாயிறு தோறும் லிட்டில் இந்தியாவின் புல்வெளிகளில் உட்கார்ந்து ஊர்க்காரர்களைத் தேடுகிறார்கள். 2013 டிசம்பர் 8-ல் அங்கே பஸ் மோதித் தமிழகத் தொழிலாளி ஒருவர் இறக்கப்போய்க் கலவரம் வெடித்தது. மதுவுக்குக் கட்டுப்பாடு விதித்தார்கள், தங்குமிடங்களின் பக்கத்தில் பொழுதுபோக்கு மையங்கள் அமைத்தார்கள். கூட்டத்தைக் கண்ணுக்கு மறைவான இடத்துக்குத் தள்ளும் யோசனை அதில் இருந்தது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா காலியாகவில்லை. ஹாங்காங்கின் விக்டோரியா பூங்காவில் இந்தோனேசிய வீட்டு வேலைக்காரப் பெண்கள் ஞாயிறு முழுவதும் விரிப்பு போட்டு உட்கார்ந்திருப்பதையும் எந்த அரசாலும் நிறுத்த முடியவில்லை. மக்கள் ஊரை ஊர்க்காரரோடு சேர்ந்து பார்க்க விரும்புகிறார்கள்.

மதுரையில் பூங்காக்கள் இல்லாமல் இல்லை. ஆனால் பேர்பெற்ற இரண்டும், காந்தி மியூசியம் பக்கத்து ராஜாஜி பூங்காவும் மாநகராட்சி அலுவலகத்துக்கு எதிரே உள்ள எக்கோ பூங்காவும், வைகைக்கு வடக்கே இருக்கின்றன. நெருக்கமான தெருக்கள் எல்லாம் தெற்கே. வார்டுப் பூங்காக்கள் பல, நடைப்பயிற்சிக்காரர்களின் வசதிப்படி காலையில் திறந்து, பகலில் பூட்டி, மாலையில் திறந்து, இரவுச் சாப்பாட்டுக்கு முன் மறுபடியும் பூட்டப்படுகின்றன. கட்டட வேலைக்காரன் கை கால் கழுவி வரும்போது வாட்ச்மேன் சாவியைத் தேடிக்கொண்டிருப்பார். தெப்பக்குளம் நிரம்பி வழிவதற்கு அதன் அழகு ஒரு காரணம் என்றால், அதைச் சுற்றிப் பூட்டும் டிக்கெட்டும் இல்லாதது இன்னொரு காரணம்.

மாநகராட்சி செய்யக்கூடிய காரியம் பெரிய செலவு கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டுமாவது வார்டுப் பூங்காக்களை மதியமும் பூட்டாமல் இரவு பத்து மணி வரை திறந்து வைக்கலாம், கட்டணம் உள்ள இடங்களில் அன்று கட்டணத்தை விட்டுவிடலாம், குடிதண்ணீரும் கழிப்பறையும் வேலை செய்கிறதா என்று பார்க்கலாம். பத்துத்தூண் சந்தில் வண்டி நிறுத்துவதைத் தடுத்து, அந்தத் தூண்களின் அடியில் நாலு கல் பெஞ்சு போடலாம். வைகையின் இரு கரையிலும் சாலை போட நிலம் கிடைத்த ஊருக்கு, தென்கரையில் மரம் வைத்த பொட்டல் ஒன்றுக்கும் நிலம் கிடைக்கும். அங்கே உட்கார வருகிறவர் எந்த மொழி பேசுகிறார் என்று கேட்க ஆள் வைக்க வேண்டாம்.